கேட்காமல் வாங்கிய வீடு

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
8-9-1996

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மயில்சாமி எழுதுவது. இங்கே நான், கலாமணி, வெண்பா மூன்று பேரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மச்சான் சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?

போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் கரூருக்குப் போன் போட்டால் மச்சான் பிடுங்கிக்கொண்டு எனக்கு விற்க அனுப்புகிற பெட்ஷீட் லோடைப் பற்றிப் பேசியே முடித்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். விஷயம் இதுதான்: வீடு வாங்கிவிட்டேன்.

ஏனோதானோ வீடு இல்லை. நூறு வயது தாண்டியது. விக்டோரியன் என்கிறார்கள். அந்த ராணி இந்த ஊர்ப் பக்கமே வந்ததில்லையே, அவள் பெயர் எதற்கு என்று புரோக்கரைக் கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த அறையைத் திறந்து காட்டினான். கீழ்த்தளத்துக்கு மேல் இரண்டு மாடி. ஒரு மூலையில் வட்டமாக ஓர் அறை எழும்பி, உச்சியில் கூம்புத் தொப்பி வைத்தது போல் கூரை. வீட்டைச் சுற்றி மரத்தில் திண்ணை மாதிரி போர்ச். மாடிப்படித் திருப்பத்தில் கலர்க் கண்ணாடி ஜன்னல். இருந்த கிழவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில். தலையைவிட்டுப் போனால் போதும் என்று நின்றார்கள். புரோக்கர் வாங்கிக்கொடுத்த காபி ஆறுவதற்குள் பேசி முடித்தேன். கொஞ்சம் பழுது பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை பெரிய வீட்டை இந்த விலைக்கு வேறு எவனாவது வாங்கிக் காட்டட்டும் பார்க்கலாம்.

கையெழுத்துப் போட்ட மறுநாளே கலாமணியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது.

பால் காய்ச்ச ஒரு நல்ல நாள் பார்த்து எழுது. மச்சானுக்கு என் வணக்கம்.

தம்பி
மயில்சாமி

கரூர்
2-10-1996

அன்புத் தம்பி மயிலுக்கு,

அக்கா மரகதம் ஆசீர்வாதம். உன் மச்சானுக்கு மாத்திரை நான் எடுத்துக் கொடுத்தால் உள்ளே போகிறது, இல்லாவிட்டால் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. என் முழங்கால் என்னோடுதான் போகும். அதை விடு.

வீடு வாங்கிய சேதி கேட்டு எல்லோருக்கும் சந்தோஷம். உன் மச்சான் தறிக் கொட்டகையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். ஜோசியரிடம் போய்க் கேட்டேன். மார்கழி பிறந்துவிட்டால் ஆகாது. கார்த்திகையில் ஒரு புதன்கிழமை நன்றாக இருக்கிறதாம். விடிகாலை முகூர்த்தம். நேரத்தைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மாடு கன்றுக்கு அங்கே எங்கே போவாய்? ஒரு படம் வைத்துக்கொள். கலாமணி வலது காலை வைத்து, விளக்கோடு முதலில் உள்ளே போகட்டும். அடுப்பை அவள்தான் பற்றவைக்க வேண்டும். பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று அவளைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்.

இன்னொன்று. பால் காய்ச்சிய வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வரக் கூடாது. தினமும் விளக்கு எரிய வேண்டும், ராத்திரி ஆள் படுக்க வேண்டும். அதனால் பழுதெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, குடிபோகும்போது காய்ச்சினால் போதும். கார்த்திகைக்குள் முடியாவிட்டால் தையில் வைத்துக்கொள்ளலாம். அவசரம் இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கையெழுத்துப் போட்ட பிறகா காட்டினாய்?

உடம்பைப் பார்த்துக்கொள். வெண்பாவுக்கு முத்தம்.

அக்கா
மரகதம்

பார்சிப்பனி
20-12-1996

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு எழுது. இங்கே பனி கொட்டுகிறது.

நீ குறித்த நாளில், குறித்த முகூர்த்தத்தில் பால் காய்ச்சியாயிற்று. நன்றாகப் பொங்கியது. விளக்கு ஏற்றியாயிற்று. தள்ளிப்போட எனக்கு மனமில்லை. பால் காய்ச்சிவிட்டால் வீடு நிலைத்துவிடும் அல்லவா?

பழுதைப் பற்றிக் கேட்காதே, வயிறு எரிகிறது. இந்த வீட்டைக் கட்டியவன் கையில் கிடைத்தால் கேட்பதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. ஒயரெல்லாம் சுவருக்குள் பீங்கான் குமிழ்களில் சுற்றித் துணி போர்த்தி ஓடுகிறது. எலெக்ட்ரீஷியன் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான், சாவு வீட்டில் கழற்றுவது போல. சூட்டுக்கு இரும்பு ரேடியேட்டர்கள். நீராவி ஏறினால் உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம். சத்தம் வருகிறது, சூடுதான் வருவதில்லை. கொல்லையில் மண்ணுக்குள் பழைய எண்ணெய்த் தொட்டி புதைந்திருக்கிறது, அதைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். புரோக்கர் அதைச் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஜன்னல் கதை தனி. எல்லாம் மரம். ஒன்று திறக்காது, இல்லை மூடாது. எடிசன் என்கிற ஊரில் ஒரு பில்டர் கடையை மூடினான். அவனிடம் இருந்த பிளாஸ்டிக் ஜன்னல்கள் மொத்தத்தையும் அடித்துப் பிடித்து வாங்கிப் போட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். இந்த ஊரில் பழைய வீடுகளைக் காப்பாற்ற ஒரு கமிட்டி இருக்கிறதாம். ரோட்டில் இருந்து பார்த்தால் தெரிகிற எதையும் அவர்களைக் கேட்காமல் மாற்றக் கூடாதாம். பிளாஸ்டிக் ஜன்னல் ஆகாதாம். என் வீடு, என் பணம், எவனோ நாலு பேர் காபி குடித்துக்கொண்டு முடிவு செய்வார்களாம்! ஜன்னல்கள் இப்போது நம் கம்பெனி குடோனில் துண்டு மூட்டைகளுக்கு நடுவில் நிற்கின்றன.

விளக்கு அணையக் கூடாது என்றாயே, அதனால் ராத்திரி நான் அங்கேதான் படுக்கிறேன். நம் கம்பெனி ரஜாய் மூன்றைப் போர்த்திக்கொண்டால் குளிர் தெரிவதில்லை.

மச்சானை அடுத்த லோடில் அடர்ந்த கலர் அதிகம் போடச் சொல்.

தம்பி
மயில்சாமி

கரூர்
12-1-1997

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். பொங்கலுக்கு வீடு வெள்ளை அடிக்கிறோம், மூக்கெல்லாம் சுண்ணாம்பு. மற்றபடி சுகம்.

உன் கடிதத்தை உன் மச்சானுக்கும் படித்துக் காட்டினேன். பீங்கான் குமிழைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணெய்த் தொட்டி வரைக்கும் எழுதியவன், பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று எழுதவில்லை. யார் அடுப்பைப் பற்றவைத்தது என்றும் எழுதவில்லை. "காய்ச்சியாயிற்று, ஏற்றியாயிற்று" என்று எழுதியிருக்கிறாய். தானாகவா காய்ச்சிக்கொண்டது?

ஆள் படுக்க வேண்டும் என்று நான் சொன்னது குடும்பத்தோடு. பெண்டாட்டி பிள்ளையை அபார்ட்மென்ட்டில் விட்டுவிட்டு நீ மட்டும் போய்ப் பனியில் விறைத்துக் கிட என்று சொல்லவில்லை. கலாமணி ஏன் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை? தீபாவளிக்குத் தீபாவளி எழுதுகிறவள்தானே?

பதில் எழுது. ஜன்னலைப் பற்றி வேண்டாம்.

அக்கா
மரகதம்

பார்சிப்பனி
23-2-1997

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெண்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விளையாடுகிறாள். அந்தக் கைப்பிடிக்கு மேல் ஏழெட்டுப் பூச்சு பெயிண்ட் இருந்தது. நானே சுரண்டி எடுத்தேன். உள்ளே நல்ல ஓக் மரம். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்ததில் கை கொப்பளித்துவிட்டது, ஆனால் இப்போது தொட்டால் வழுவழு என்று இருக்கிறது.

அதைத் தவிர ஒரு நல்ல சேதியும் இல்லை. கான்ட்ராக்டர் திங்கள் வருகிறேன் என்பான், எந்தத் திங்கள் என்று சொல்ல மாட்டான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறதாம், அதைச் சுரண்ட ஒரு பெர்மிட். பெர்மிட் வாங்கப் போனால் ஜன்னல் முடிவாகாமல் தர முடியாதாம். கமிட்டி மாதம் ஒருமுறைதான் கூடுமாம். போன முறை எனக்கு முன்னால் ஒரு ஆள் வேலிக்கு என்ன பச்சை அடிப்பது என்று பேசிப் பேசியே நேரம் முடிந்துபோய் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதற்கு மேல் ஒரு கூத்து. ஆள் இல்லாத வீட்டில் ராத்திரி வெளிச்சம் தெரிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். ஊர் இன்ஸ்பெக்டர் வந்தான். குத்துவிளக்கைப் பார்த்தான், ரஜாயைப் பார்த்தான். "சார், திஸ் ஈஸ் நாட் எ கேம்ப்சைட்" என்றான். என் வீட்டில் நான் தூங்க எவனைக் கேட்க வேண்டும் என்று கேட்டேன். என்னைத்தான் என்றான். குடியிருக்கலாம் என்று சர்டிஃபிகேட் வாங்கும்வரை ராத்திரி தங்கக் கூடாதாம். வாசல் கதவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விட்டான். அதனால் இப்போது குடோனிலேயே படுத்துக்கொள்கிறேன். சாயங்காலம் போய் விளக்கை ஏற்றி, எரிந்து முடியும்வரை இருந்துவிட்டு வருகிறேன்.

நீ என்னென்னவோ நினைத்துக்கொள்ளாதே. வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி
மயில்சாமி

கரூர்
14-3-1997

மயிலு,

சுகம்.

வீட்டில் படுக்கக் கூடாது என்றால் அபார்ட்மென்ட்டில் போய்ப் படுப்பான் எவனும். நீ குடோனில் படுக்கிறாய்.

இனி உன்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. கலாமணிக்கு எழுதிவிட்டேன்.

அக்கா

பார்சிப்பனி
6-4-1997

அன்புள்ள அண்ணிக்கு,

கலாமணி எழுதுவது. நானும் வெண்பாவும் நலம். வீட்டில் அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள். இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதினால் உங்கள் தம்பியைப் பற்றிக் குறை சொல்வது போல் ஆகிவிடுமே என்றுதான் இருந்தேன். நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது படுக்கை அறையில் பாதி துண்டு மூட்டைதான். சனி ஞாயிறு சந்தைகளில் பனியில் நின்று பெட்ஷீட் விற்றிருக்கிறேன். வெண்பா அட்டைப் பெட்டிக்குள் தூங்கினாள். அதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. அப்போது ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்பார். "கலா, இந்த நீலம் போகுமா? கலா, இதைத் தொட்டுப் பாரு, ரெண்டு சலவைக்கு நிக்குமா?" நான் வேண்டாம் என்று சொன்ன சரக்கை இன்றுவரை அவர் வாங்கியதில்லை. கை துடைக்கிற துண்டுக்கு என்னைக் கேட்கிறவர், நான் காலம் முழுக்கக் குடியிருக்க வேண்டிய வீட்டுக்குக் கேட்கவில்லை.

கூட்டிப்போய் நிறுத்தி, "எப்படி?" என்றார். "யாருதுங்க இது?" என்றேன். "நம்முளுது. நேத்து முடிச்சேன்" என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்ல? உள்ளே போகவில்லை. திரும்பி வரும்போது காரில் ரேடியோ போட்டார். எனக்குப் பிடிக்கவில்லை, அங்கே வரமாட்டேன் என்று அன்றைக்கே சொன்னேன். "போகப் போகப் பிடிக்கும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

பால் காய்ச்சியது உங்கள் ஜனவரிக் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ராத்திரி அங்கே போய்ப் படுப்பதைப் பழுது வேலைச் சாமானுக்குக் காவல் என்றுதான் சொல்லியிருந்தார். அந்தப் புதன்கிழமை நான் குடோனில் கன்டெய்னர் இறக்கிக்கொண்டிருந்தேன். இவர் விடிகாலையில் ஒரு கேம்ப் அடுப்பும் ஒரு கேலன் பாலும் வாங்கிக்கொண்டு தனியாகப் போயிருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "பால் காய்ச்சுன வீட்டைப் பூட்டி வெக்கக் கூடாதல்ல? இனி நீ வந்துதான ஆகோணும்?" என்றார், சிரித்துக்கொண்டே. வேறு ஆள் கொத்திக்கொண்டு போகாமல் இருக்கச் சரக்குக்கு அட்வான்ஸ் கொடுத்து வைப்பாரே, அதே மாதிரி என்னை முடித்துவிட்டதாக நினைத்தார் அண்ணி. அன்றைக்குத்தான் தலையணையைத் தூக்கி வெளியே வைத்தேன்.

வீடு நன்றாகத்தான் இருக்கலாம். நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பக்கம் என் அண்ணன் கடை வைத்திருக்கிறார், உங்களுக்குத் தெரியும். கணக்குப் பார்க்க ஆள் வேண்டும், வா என்கிறார். வெண்பாவுக்கு அங்கே ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறக்கும். அதற்குள் இது ஒரு வழிக்கு வராவிட்டால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன். "ஜன்னல் பிரச்னை முடியட்டும், பேசலாம்" என்றார்.

உங்கள் முழங்காலுக்கு ஒரு உறை அனுப்பியிருக்கிறேன். மாட்டிக்கொண்டு நடந்து பாருங்கள்.

உங்கள்
கலாமணி

கரூர்
2-5-1997

மயிலு,

கலாமணி கடிதம் வந்தது. என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் சொல்லப்போவதில்லை. உனக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் எனக்கு ரேடியேட்டர் கதை எழுதிக்கொண்டிருந்தாய்.

விளக்கு விஷயத்தில் நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. இனி ஏற்ற வேண்டாம். வீட்டுக்காரி இல்லாமல் காய்ச்சிய பால் கணக்கில் சேராது. ஒரு குற்றமும் வராது. வந்தால் அது என் தலையில் வரட்டும்.

உன்னிடம் வியாபாரப் பேச்சே பேசுகிறேன், அதுதான் உன் காதில் ஏறும். பிடிக்கவில்லை என்று சொல்கிற ஆளிடம் சரக்கைத் தள்ளிவிட்டு, போகப் போகப் பிடிக்கும் என்பாயா? அப்படிச் சொல்லியிருந்தால் உன் கடைக்கு இரண்டாவது தடவை எவன் வந்திருப்பான்? பிடிக்காத சரக்கைப் பேசாமல் திரும்ப எடுத்துக்கொள்வதுதானே உன் வழக்கம்? அதை ஊரானுக்குச் செய்வாய், பெண்டாட்டிக்குச் செய்ய மாட்டாயோ?

சாவியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடு. வைப்பதோ விற்பதோ அவள் சொல்லட்டும். ஜன்னல் முடிந்த பிறகு அல்ல. நாளைக்கு.

உன் மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெதுவா எழுது மரகதம்" என்கிறார். மெதுவாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அக்கா
மரகதம்

பார்சிப்பனி
13-7-1997

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். மே மாதமே சாவியைக் கொடுத்துவிட்டேன். எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது. நேரம் கிடைத்தது என்பது பெயருக்குத்தான். உன் தம்பி பெண்டாட்டி என்னை உட்காரவே விடுவதில்லை.

குடோனில் அவள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சாவிக்கொத்தை மேஜையில் வைத்தேன். "நீயே முடிவு பண்ணு. வித்துருன்னா வித்துர்றேன்" என்றேன். டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். பிறகுதான் சாவியை எடுத்தாள். அந்தச் சனிக்கிழமை டார்ச் லைட்டோடு வந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக உள்ளே வந்தாள். நிலவறையிலிருந்து கூம்பு அறை வரைக்கும் ஏறி இறங்கினாள். நான் பின்னால் போனேன். ஒவ்வொரு அறையாக நான் என்னென்ன செலவழித்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். காதிலேயே வாங்கவில்லை. கடைசியில், "ஏனுங்க, இப்புடி அரகொறையா கெடந்தா எவனும் சீண்ட மாட்டான். மொதல்ல வேலையை முடிப்போம். அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

அவ்வளவுதான், ஆட்சி மாறிவிட்டது. திங்கள்கிழமைக் கான்ட்ராக்டரைத் திங்கள்கிழமையே வேலைக்கு வந்து நிற்க வைத்தாள். கமிட்டிக் கூட்டத்துக்கு என்னைப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டு அவள் எழுந்து பேசினாள். "புது ஜன்னல் வேண்டாம்னா இருக்கற ஜன்னலையே சரி பண்றோம். எப்படிப் பண்றதுன்னு தெரிஞ்ச ஆளைச் சொல்லுங்க" என்று இங்கிலீஷில் கேட்டாள். இத்தனை மாதம் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த கிழவர்கள் ஆளாளுக்கு விலாசம் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் வீட்டுக்கே வந்து காட்டினார். ஜன்னலுக்குள் எடைக்கட்டி கயிற்றில் தொங்குகிறது, அந்தக் கயிறு அறுந்ததுதான் மொத்தக் கோளாறும். இதை என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேட்டீங்களா?" என்றாள். வர வர எதற்கெடுத்தாலும் இதே கேள்வி.

பிளாஸ்டிக் ஜன்னல்களை ஒரு மோட்டல்கார குஜராத்தியிடம் தள்ளிவிட்டாள். எனக்கே தோன்றவில்லை.

மச்சானிடம் சொல்லி அடுத்த லோடில் நல்ல முறுக்கு நூல் கயிறு, சுண்டுவிரல் கனத்தில், ஒரு பெரிய உருண்டை போட்டு அனுப்பு. இங்கே விற்பது இரண்டு இழுவைக்கு நைந்துவிடுகிறது.

இப்போது சனி ஞாயிறு மூன்று பேரும் அங்கேதான். வெண்பா கலர்க் கண்ணாடியைத் துடைக்கிறாள். வெளிப் பெயிண்டுக்குக் கமிட்டி கொடுத்த அட்டையில் இருந்து பாசிப் பச்சையும் காவியும் கலாமணியே தேர்ந்தெடுத்தாள். சமையலறைச் சுவரை இடித்துப் பெரிதாக்கச் சொல்லி நின்று வேலை வாங்கினாள். இவ்வளவு செய்கிறவள் விற்கவா செய்வாள்? அவளுக்கு வீடு பிடித்துப்போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். ஹூஸ்டன் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் ராத்திரிக்கு நான் இன்னும் குடோன்தான்.

தம்பி
மயில்சாமி

கரூர்
1-8-1997

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். கயிறு போட்டாயிற்று. கலாமணி அனுப்பிய உறையை மாட்டிக்கொண்டு மாரியம்மன் கோயில் வரை நடந்தேன் என்று அவளிடம் சொல்.

"நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். போன வருஷமும் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தாய். நினைக்காதே. கேள். ஹூஸ்டனையும் சேர்த்துக் கேள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது.

அக்கா
மரகதம்

பார்சிப்பனி
19-10-1997

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்று பேரும் என்று இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன். கயிறு ஏ-ஒன். மச்சானிடம் சொல்.

உன் கடிதம் வந்த வாரமே கேட்டேன். போர்ச்சில் மூன்று பேரும் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தோம். வீடு அன்றைக்குப் புதுப் பெண் மாதிரி இருந்தது. பொய் சொல்லவில்லை, ரோட்டில் போகிறவர்கள் காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். இதைவிட நல்ல நேரம் வராது என்று, "கலா, இங்கியே இருந்தரலாமா? ஹூஸ்டனெல்லாம் வேண்டாமே" என்றேன். பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"ஹூஸ்டன் போகல. சாவி குடுத்தீங்களே, அன்னைக்கே அண்ணனுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு முழுசாக வெளியே போகவில்லை, அதற்குள் சொன்னாள்: "ஆனா இந்த வீடு வேண்டாமுங்க. வித்தரலாம்."

"ஏன்? இவ்வளவு செஞ்சமே! பச்சையும் காவியும் நீதான எடுத்த?"

"விக்கற சரக்கை நல்லா வெக்கோணுமல்ல? வீடு மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. ஆனா உள்ள காலு வெக்கறப்பெல்லாம், இவரு ஒருத்தரே நின்னு பாலு காய்ச்சுனாருன்னு தோணுது. காலம் பூராவும் அதை நெனைச்சுட்டு இங்க சமைக்க என்னால முடியாது. நீங்க கேக்காம இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன். கேட்டீங்க. சொல்லிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கைப்பிடியைத் தேய்த்த கை இது. அந்த எண்ணெய்த் தொட்டியை நின்று தோண்ட வைத்தவன் நான். கொல்லைப் பக்கம் போய் நின்றேன். வெண்பா பின்னாலேயே வந்தாள். "என்னடி கண்ணு, உங்கம்மா இப்படிச் சொல்றா?" என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு, "அப்பா, யூ ஆஸ்க்ட்" என்றாள். இந்த வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் ஒரே பாட்டு.

விற்றுவிட்டேன். போர்டு நட்ட வாரமே ஒரு ஜோடி வந்தது. நான் ஒரு விலை மனதில் வைத்திருந்தேன். கலாமணி அதற்கு மேலே சொல்லி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். என்னையும் பேசக் கூடாது என்று மேஜைக்கு அடியில் காலை மிதித்தாள். வாங்கியவர்கள் கொடுத்துவிட்டார்கள். சாவியைக் கொடுக்கப் போன அன்றைக்கு நான் மட்டும் ஒருமுறை மாடி வரைக்கும் ஏறி இறங்கினேன். எல்லா ஜன்னலும் ஒரு விரலால் திறந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கலாமணி காரிலேயே காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. அன்று ராத்திரி அபார்ட்மென்ட்டில் என் தலையணை உள்ளே இருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இப்போது புதுத் தலைவலி. வேறு வீடு பார்க்கிறோம். ஒவ்வொரு சனி ஞாயிறும் காரில் ஏற்றிக்கொண்டு போகிறாள். முதலில் பார்த்தது புதிதாகக் கட்டிய டவுன்ஹவுஸ். எல்லாம் வேலை செய்கிறது, எதைத் தட்டினாலும் அட்டைச் சத்தம். அவள் சமையலறையை இரண்டு சுற்று சுற்றி வந்தாள். முகத்தைப் பார்த்தேன், அவளுக்குப் பிடித்துவிட்டது. எழுதி வாங்கிவிடலாம் என்று புரோக்கர் பெண் பேனாவை எடுத்தாள். கலாமணி அவளை நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா?"

"உனக்குப் புடிச்சாச் சரி" என்றேன்.

"அது இல்லீங்க நான் கேட்டது. உங்களுக்கு?"

இத்தனை வருஷம் வியாபாரம் செய்திருக்கிறேன். ஒரு ஆள் சும்மா மரியாதைக்குக் கேட்கிறானா, பதில் வேண்டும் என்று கேட்கிறானா என்று எனக்குத் தெரியும். அவள் நின்றுகொண்டே இருந்தாள். புரோக்கர் பெண் வாட்சைப் பார்த்தாள். "சுவரு பூரா அட்டை கலா. எனக்குப் புடிக்கல" என்றேன். "சரி, வேற பாக்கலாம்" என்றாள். முகம் ஒரு நொடி வாடியது, பார்த்தேன். ஆனால் கைப்பையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போய்விட்டாள்.

அதிலிருந்து இதுதான் கதை. அவளுக்குப் பிடித்தால் எனக்குப் பிடிப்பதில்லை. எனக்குப் பிடித்தால் ரயில் சத்தம் என்கிறாள். இரண்டு பேருக்கும் பிடித்தால் வெண்பா ஸ்கூல் தூரம் என்கிறாள், அவளையும் கேட்க வேண்டுமாம். நியூ ஜெர்சியில் நான் பார்க்காத பாத்ரூம் இல்லை. இப்படியே போனால் வெண்பா கல்யாணம் அபார்ட்மென்ட்டில்தான் நடக்கும். ஒரு காபி ஆறுவதற்குள் வீடு வாங்கியவன் அக்கா நான்! இன்றைக்கும் எங்கேயோ கூட்டிப்போகிறாளாம், ஒரு ஏரி ஓரத்தில், எனக்கு ஏரி என்றாலே கொசுதான் ஞாபகம் வருகிறது, போனதும் சொல்லிவிடப் போகிறேன். இரு, கீழே ஹாரன் அடிக்கிறாள். மச்சானுக்கு எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, டிசம்பர் லோடைப் பற்றி. மறுபடியும் அடிக்கிறாள். வெண்பா படியேறி வந்து, "அப்பா, கமிங்கா இல்லையா?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்